பவர் கப்ளர் டிரிப் ஆகும்போது: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

துகள் முடுக்கியின் கேவிட்டிக்குள் (துகளை வேகப்படுத்தும் மின்புலம் உருவாகும் உலோக அறை) ரேடியோ அலைத் திறனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பவர் கப்ளர். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம், நடுவில் ஒரு செராமிக் ஜன்னல். மீக்கடத்திக் கேவிட்டி என்றால் ஒரு முனை அறை வெப்பத்தில் இருக்கும், மறுமுனை 2 கெல்வினுக்குப் பக்கத்தில் இருக்கும். இத்தனையையும் ஒரே உறுப்பு தாங்குவதால், எங்கே கோளாறு வந்தாலும் ஜன்னலைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். நான் பார்த்த பெரும்பாலான கேஸ்களில் ஜன்னல் பாதிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் கோளாறு பிறந்த இடம் வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஜன்னலை மட்டும் மாற்றினால் புது ஜன்னலும் அதே வழியில் போகும்.

## எதையும் தொடும் முன்

ஒவ்வொரு டிரிப்புக்கும் (இன்டர்லாக் என்ற பாதுகாப்பு அமைப்பு திறனைத் தானாக வெட்டுவது) ஐந்து விஷயங்களைக் குறித்து வையுங்கள்: முன்செல்லும் திறன், திரும்பும் திறன், அழுத்தம், பல்ஸின் (விட்டு விட்டு அனுப்பும் அலைத் துடிப்பு) எந்த நேரம், எந்தச் சென்சார் முதலில் கத்தியது. இருபது டிரிப் சேர்ந்ததும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒரே திறனில் திரும்பத் திரும்ப வந்தால் வடிவத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். எந்தத் திறனில் வேண்டுமானாலும் வந்தால் அழுக்கு, கசிவு, அல்லது கேபிள். ஓட ஓட டிரிப் கூடிக்கொண்டே போனால் வெப்பம். கீழே உள்ள எல்லாமே இந்தப் பிரிவிலிருந்துதான் கிளம்புகிறது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. ரேடியோ அலையை நிறுத்திவிட்டால் கிளைஸ்ட்ரானின் (ரேடியோ அலையைப் பெருக்கும் குழல்) உயர் மின்னழுத்தமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேவிட்டியில் புலம் இருக்கும்போது எக்ஸ்ரே வரும், துகள் கற்றை ஓட வேண்டும் என்ற அவசியமே இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் சரி சொல்லும் வரை அறைக்குள் போகாதீர்கள்.

## அறிகுறி 1: குறைந்த திறனிலேயே திரும்பும் அலை குறையவில்லை

நெட்வொர்க் அனலைசரை (சிறு அலையை அனுப்பி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) மாட்டிப் பார்க்கிறீர்கள், கணினி மாதிரியில் வந்த பிணைப்பு (கப்ளருக்கும் கேவிட்டிக்கும் நடுவில் அலை கைமாறும் அளவு) வரவில்லை.

### முதலில்: இது கோளாறுதானா?

கற்றை இல்லாத நேரத்தில் கொஞ்சம் திரும்பினால் அது இயல்பு. கற்றை ஓடும்போது பொருந்துவதற்காகத்தான் கப்ளரை வடிவமைக்கிறோம். அப்போது வேண்டிய பீட்டா (பிணைப்பைச் சொல்லும் எண்) என்பது 1 கூட்டல், கற்றை எடுக்கும் திறனைச் சுவரில் போகும் திறனால் வகுத்தது. சுவரில் 50 கிலோவாட், கற்றைக்கு 50 கிலோவாட் என்றால் பீட்டா 2. கற்றை இல்லாதபோது 11 சதவீதம் திரும்பத்தான் செய்யும். மீக்கடத்திக் கேவிட்டியில் கற்றை இல்லையென்றால் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பும். இதைத் தெரியாமல் நல்ல கப்ளரைக் கழற்றியவர்கள் உண்டு.

### கேபிளும் அடாப்டரும்

அளவுத்திருத்தத்தைத் திரும்பச் செய்யுங்கள். கேபிளை லேசாக வளைத்துப் பாருங்கள், கோடு நடுங்கினால் கேபிளை மாற்றுங்கள். வேவ்கைடிலிருந்து (அலையைக் கடத்தும் வெற்று உலோகக் குழாய்) கோஆக்சியலுக்கு (நடுவில் உள் கடத்தி உள்ள குழாய்) மாறும் இடத்தைத் தனியாக அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பாதிப் பிரச்சினை இதிலேயே முடிந்துவிடும்.

### பிணைப்பு கூடவா, குறையவா?

அனலைசர் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் (பிரதிபலிப்பை வட்டத்துக்குள் வரையும் படம்) ஒத்ததிர்வு வட்டம் மையத்தை உள்ளடக்கினால் பிணைப்பு அதிகம், மையத்தை வெளியே விட்டு ஒதுங்கினால் குறைவு. வெறும் பிரதிபலிப்பு எண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது. பீட்டா 2-க்கும் அரைக்கும் ஒரே எண்தான் வரும்.

குறைவு என்றால், கேவிட்டியின் சொந்தக் கியூ (ஆற்றலை எவ்வளவு இழக்காமல் வைத்திருக்கிறது என்ற எண்) மாதிரியில் வந்ததைவிடக் குறைந்திருக்கலாம். தாமிரக் கேவிட்டியில் மேற்பரப்பின் சொரசொரப்பும் இணைப்புகளும் கியூவைத் தின்றுவிடும். துளை வழியாகப் பிணைக்கும் வடிவம் என்றால் துளையை முதலில் சிறிதாக வெட்டி, அளந்து, பிறகு பெரிதாக்குவதே சரியான முறை. பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்க முடியாது.

ஆன்டெனா வகையில் நீளத்தைப் பாருங்கள். நுனி துறைக்குழாய்க்குள் (கப்ளர் கேவிட்டிக்குள் நுழையும் குழாய்) பின்வாங்கியிருக்கும் நிலையில், 20 மி.மீ. ஆரமுள்ள குழாயில் 1 மி.மீ. நகர்ந்தாலே வெளிக்கியூ (கப்ளர் வழியாக ஆற்றல் வெளியேறுவதைச் சொல்லும் எண்) கால்பங்கு அளவுக்கு மாறும். அதனால் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் விலக்கம் தாராளமாகக் கொடுத்தவர், பிணைப்பிலும் பத்து சதவீதத்துக்கு மேல் விலக்கத்தை ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள். கேஸ்கெட் நசுங்கும் தடிமன், குளிர்வதால் வரும் சுருக்கம், ஆன்டெனா லேசாகத் தொங்குவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

### ஜன்னலின் பொருத்தம் நகர்ந்துவிட்டது

கப்ளரைக் கேவிட்டியிலிருந்து பிரித்து, இரண்டு கப்ளர்களை ஒரு இணைப்புப் பெட்டியில் எதிரெதிராக வைத்து அளங்கள். மிகக் குறைந்த பிரதிபலிப்பு வரும் அதிர்வெண் நகர்ந்திருந்தால் செராமிக்கின் மின்காப்பு மாறிலியைச் சந்தேகியுங்கள். அலுமினாவில் தூய்மையைப் பொறுத்து இது 9-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும், தொகுதிக்குத் தொகுதி கொஞ்சம் மாறும். பட்டியலில் போட்ட எண்ணை நம்பி வடிவமைக்காதீர்கள். வாங்கிய தொகுதியிலிருந்து ஒரு துண்டை அளந்து அந்த எண்ணை மாதிரியில் போடுங்கள். இந்த நிலைக்கு வந்துவிட்டால் செராமிக் செய்தவரோடும் மின்காந்தக் கணிப்பு செய்பவரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை இது.

## அறிகுறி 2: திறனை ஏற்றும்போது அழுத்தம் எகிறுகிறது

அதிகம் வரும் தொல்லை இது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

### நாளுக்கு நாள் குறைகிறது என்றால்

தொந்தரவு செய்யாதீர்கள். சுவரில் ஒட்டியிருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் வெளியேறுகின்றன. கண்டிஷனிங் என்பதே அதற்குத்தான். 20 மைக்ரோசெகண்ட் மாதிரிக் குறுகிய பல்ஸில் ஆரம்பித்து, திறனைப் படிப்படியாக ஏற்றி, உச்சம் தொட்டதும் இறக்கி, பல்ஸை நீட்டி மறுபடி அடியிலிருந்து வாருங்கள். நான் 10⁻⁷ மில்லிபாரைத் தாண்டினால் திறனை அங்கேயே நிறுத்தி வைப்பேன், 10⁻⁶-ல் இன்டர்லாக் வெட்டும்படி வைப்பேன். பொறுமை போதாமல் இந்த எல்லையைத் தூக்கி வைப்பதுதான் ஜன்னலைக் கொல்லும் வேலை. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது வாயுவே பற்றிக்கொள்ளும், அப்போது செராமிக்கின் மேல் உலோகம் படியும், அதைத் திரும்பத் துடைத்தெடுக்க முடியாது.

முன்கூட்டியே 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒன்றிரண்டு நாள் பேக்கிங் (வெற்றிடத்தில் சூடாக்கி வாயுவை வெளியேற்றுவது) செய்தால் கண்டிஷனிங் நேரம் நன்றாகக் குறையும். பேக்கிங் செய்த பிறகு காற்றுப்பட வைத்தால் அந்த உழைப்பு பெரும்பாலும் வீண்.

### ஒரே திறனில் முட்டி நிற்கிறது என்றால்

180 கிலோவாட்டில் நேற்றும் டிரிப், இன்றும் டிரிப். 150-லும் அமைதி, ஒருவழியாகத் தாண்டிவிட்டால் 220-லும் அமைதி. இது மல்டிபாக்டிங். சுவரிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் அலையின் தாளத்தோடு ஒத்துப்போய்த் திரும்பச் சுவரில் மோதி, ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களைக் கிளப்புகிறது. மோதும் ஆற்றல் சுமார் 50 எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து ஓரிரண்டு கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை இருந்தால் பல மேற்பரப்புகளில் இது நடக்கும்.

உறுதிப்படுத்த, எலக்ட்ரான் பிக்கப்பின் (கப்ளருக்குள் பறக்கும் எலக்ட்ரான்களைப் பிடிக்கும் முனை) மின்னோட்டத்தைத் திறனுக்கு எதிராக வரையுங்கள். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மேடு எழுந்தால் சந்தேகமே வேண்டாம். பிக்கப் வைக்காத வடிவம் என்றால், அடுத்த முறை கட்டாயம் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று வையுங்கள். அந்தச் சின்னத் துளையைச் சேமிக்கப் பார்த்து மாதக்கணக்கில் இருட்டில் தடவ வேண்டிவரும்.

செய்ய வேண்டியவை, மலிவானதிலிருந்து:

1. அந்தத் திறன் வரம்பிலேயே, குறுகிய பல்ஸில், மேலும் கீழுமாக மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எலக்ட்ரான்கள் அடித்து அடித்தே மேற்பரப்பு தேறும். பல நேரம் ஓரிரு நாளில் மேடு கரைந்துவிடும்.

2. கரையவில்லையென்றால் உள் கடத்திக்கு நேர்மின்னழுத்தம் கொடுங்கள். சில கிலோவோல்ட் கொடுத்தால் எலக்ட்ரானின் தாளம் கெட்டுவிடும். செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி முடுக்கியின் 400 மெகாஹெர்ட்ஸ் கப்ளர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் இதற்கு உள் கடத்தி மின்காப்போடு நிற்க வேண்டும். அதை வடிவமைக்கும்போதே நினைத்திருக்க வேண்டும், பிறகு ஒட்டவைக்க முடியாது.

3. ஜன்னலின் வெற்றிடப் பக்கத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் அலுமினா எலக்ட்ரான்களை நிறையக் கிளப்பும். பூச்சு 10 நானோமீட்டர் வாக்கில் இருந்தால் போதும். தடிமனாகப் பூசினால் அதுவே சூடாகும்.

4. கடைசி வழி, பரிமாணத்தை மாற்றுவது. கோஆக்சியலில் மல்டிபாக்டிங் வரும் திறன், அதிர்வெண்ணும் வெளி விட்டமும் சேர்ந்த பெருக்கத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், மின்மறுப்போடும் கூடும். அதாவது விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் அந்தத் திறன் 46 சதவீதம் மேலே போய்விடும். உங்கள் வேலைத் திறன் அதற்குக் கீழே வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. விட்டம் கூடினால் மீக்கடத்திக் கேவிட்டிக்கு வெப்பக் கசிவும் கூடும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்கவும் முடியாது. மின்மறுப்பை 50 ஓமிலிருந்து 70-க்கு ஏற்றுவது பல நேரம் அதைவிட நல்ல வழி. இந்தக் கணக்கை உலோகம் வெட்டுவதற்கு முன்பே போட வேண்டும். எலக்ட்ரான் பாதை கணிக்கும் மென்பொருளை ஓட்டத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

### பல்ஸ் முடியும் நேரத்தில் மட்டும் வருகிறது என்றால்

பலர் கவனிக்காதது. அதிகப் பிணைப்புள்ள கேவிட்டியில் திறனை வெட்டிய அடுத்த கணம், உள்ளே சேர்ந்திருந்த ஆற்றல் கப்ளர் வழியாகவே வெளியே ஓடிவரும். அந்த அலை கொடுத்த திறனைப்போல் நான்கு மடங்கு வரை தொடக்கத்தில் எகிறி, பிறகு இறங்கும். இறங்கும் வழியில் மல்டிபாக்டிங் வரம்பு ஒவ்வொன்றையும் தாண்டித்தான் ஆக வேண்டும். அலைக்காட்டியில் டிரிப் நேரத்தைப் பார்த்து, அந்தக் கணத்தின் திரும்பும் திறனைக் குறியுங்கள். முன்செல்லும் திறனைக் குறித்தால் வழி தவறிவிடுவீர்கள். திறனைச் சட்டென்று வெட்டாமல் சரிவாக இறக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

### திறனை நிறுத்தியும் அழுத்தம் இறங்கவில்லை என்றால்

கசிவு. இல்லையென்றால் உள்ளே மிஞ்சிய நீராவியோ எண்ணெயோ. எது என்று அறிய எஞ்சிய வாயுப் பகுப்பாய்வியைப் (உள்ளிருக்கும் வாயுக்களை நிறை எண்ணால் பிரித்துக் காட்டும் கருவி) பாருங்கள். நிறை எண் 18 மட்டும் உயர்ந்திருந்தால் நீராவி, பேக்கிங் போதவில்லை. 28-ம் 32-ம் சேர்ந்து உயர்ந்து 40-ம் தலைகாட்டினால் வெளிக்காற்று உள்ளே வருகிறது. 41, 43, 55, 57 என்று வரிசையாக வந்தால் எண்ணெய் அல்லது கைரேகை, அதாவது கழுவியதில் குறை. ஹீலியம் கசிவுச் சோதனையைக் கேஸ்கெட்டுகளில் ஆரம்பித்து, பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான வளையும் குழாய்), கடைசியாக ஜன்னலின் பிரேஸிங் இணைப்பு (செராமிக்கையும் உலோகத்தையும் உருக்கி ஒட்டிய இடம்) என்று போங்கள். கீழிருந்து மேலே ஹீலியம் அடித்தால் மேலே போகும் வாயு உங்களை ஏமாற்றும். மேலிருந்து கீழே வாருங்கள்.

## அறிகுறி 3: ஆர்க் டிரிப்

முதல் கேள்வி, உண்மையிலேயே ஆர்க்கா (மின்பொறியா)? ஆர்க்கின் ஒளியை உணரிக்குக் கொண்டுபோகும் கண்ணாடி இழையில் எக்ஸ்ரே பட்டாலே ஒளி வரும், உணரி அதை ஆர்க் என்று நினைக்கும். இழையின் முனையைக் கறுப்புத் தொப்பியால் மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்தச் சோதனையைக் குறைந்த திறனில், மற்ற இன்டர்லாக் எல்லாம் உயிரோடு இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மூடிய பிறகும் டிரிப் வந்தால் அது கதிர்வீச்சு அல்லது மின்னணுச் சத்தம். ஒருமுறை இரண்டு வாரம் ஜன்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், காரணம் உணரிக்கும் பெட்டிக்கும் நடுவில் தளர்ந்த ஒரு இணைப்பான்.

உண்மையான ஆர்க் என்றால் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். அழுத்தம் கூடவே துள்ளினால் வெற்றிடப் பக்கம், துள்ளாவிட்டால் காற்றுப் பக்கம்.

காற்றுப் பக்கம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. கழற்றிப் பாருங்கள்: டோர்நாப் மாற்றியில் (வேவ்கைடையும் கோஆக்சியலையும் இணைக்கும் குமிழ் போன்ற உறுப்பு) தூசி, தொடர்பு விரல்களில் கறுத்த புள்ளி, ஃபிளாஞ்சில் சமமாக இறுகாத போல்ட், ஈரமான காற்று. சுத்தம் செய்து, விரல்களை மாற்றி, குறுக்கு வரிசையில் இறுக்கி, உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ ஓட விடுங்கள். விரல்களில் கறுப்பு திரும்பத் திரும்ப ஒரே பக்கத்தில் வந்தால் உள் கடத்தி மையத்தில் இல்லை என்று அர்த்தம்.

வெற்றிடப் பக்கம் என்றால், செராமிக்கும் உலோகமும் பிரேஸ் பொருளும் சந்திக்கும் விளிம்பைத்தான் நான் முதலில் நினைப்பேன். மூன்றும் சேரும் அந்தக் கோட்டில் புலம் கூர்மையாகும். கோட்டைப் புலம் குறைந்த பள்ளத்துக்குள் மறைக்கும்படி உலோக உதட்டை வடிவமைப்பது வழக்கம். உங்கள் வரைபடத்தில் அந்த உதடு இருக்கிறதா என்று பாருங்கள். பிரேஸ் பொருள் வழிந்து செராமிக் மேல் ஓடியிருந்தாலும் ஆர்க் அங்கேதான் பிறக்கும். தினம் இரண்டு மூன்று என்று வந்து குறையாவிட்டால், இதற்கு மேல் ஓட்டாமல் பிரேஸிங் செய்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 4: ஜன்னல் சூடாகிறது

அகச்சிவப்பு உணரியின் வெப்பநிலையைச் சராசரித் திறனுக்கு எதிராக வரையுங்கள். கோட்டின் வடிவமே பதில் சொல்லும்.

நேர்கோடாக ஏறி, எதிர்பார்த்ததைவிடச் சரிவு மட்டும் அதிகம் என்றால்: குளிர்நீர் அல்லது காற்று ஓட்டம் முதலில், பிறகு செராமிக்கின் மின்காப்பு இழப்பு, பிறகு டைட்டானியம் நைட்ரைடு தடிமன். குறிப்பிட்ட திறனில் மட்டும் மேடு கட்டினால் மல்டிபாக்டிங், அறிகுறி 2-க்குப் போங்கள். மாதம் போகப்போக அதே திறனில் வெப்பம் கூடிக்கொண்டே வந்தால் செராமிக்கில் தாமிரப் படலம் சேர்கிறது. இது திரும்பாது. மாற்று ஜன்னலுக்கு இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

அதிர்வெண்ணைச் சிறிது நகர்த்தினால் வெப்பம் சட்டென்று மாறுகிறதா? அப்படியானால் ஜன்னலுக்குள்ளேயே ஒரு ஒத்ததிர்வு மாட்டிக்கொண்டிருக்கிறது. பில்பாக்ஸ் வகை (உருளைப் பெட்டிக்குள் செராமிக் தட்டு வைத்த) ஜன்னலில் இது பழைய தொல்லை. வடிவமைப்பில் வேலை அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் எந்த ஒத்ததிர்வும் விழாதபடி, மின்காப்பு மாறிலியைச் சில சதவீதம் மேலும் கீழும் தள்ளிச் சோதித்திருக்க வேண்டும்.

சராசரி வெப்பநிலையைவிட, நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம்தான் செராமிக்கை உடைக்கிறது. விளிம்பைப் பலமாகக் குளிர்வித்து உள்கடத்தியைக் குளிர்விக்காமல் விட்டால் நீங்களே அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்குகிறீர்கள்.

## அறிகுறி 5: சோதனை மேடையில் நன்றாக ஓடியது, முடுக்கியில் டிரிப்

மேடையில் முன்னோக்கி ஓடும் அலையில் மட்டும் சோதித்தீர்களா? முழுப் பிரதிபலிப்பில் சில இடங்களில் மின்னழுத்தம் உச்சமாகி இரண்டு மடங்காகும். அந்த உச்சப் புள்ளியில் ஜன்னலுக்கு, நான்கு மடங்குத் திறன் ஓடுவதற்குச் சமமான புலம். மேடையிலேயே நகரும் ஷார்ட் (அலையை முழுதாகத் திருப்பி அனுப்பும் உலோக அடைப்பு) ஒன்றைப் போட்டு, உச்சப் புள்ளியை ஜன்னலின் மேல் மெதுவாக நடத்திக் கண்டிஷன் செய்யுங்கள். இதைச் செய்யாத எந்தச் சோதனையையும் நான் முடிந்ததாக எண்ணுவதில்லை.

அடுத்தது கேவிட்டியிலிருந்து வரும் எலக்ட்ரான்கள். ஜெஃபர்சன் ஆய்வகத்தின் சீபாஃப் முடுக்கியில் முதல் கேவிட்டிகளின் குளிர் ஜன்னல்கள் கற்றைப் பாதைக்குப் பக்கத்திலேயே இருந்தன. கேவிட்டியின் புல உமிழ்வு எலக்ட்ரான்கள் (வலுவான மின்புலம் உலோகத்திலிருந்து பிடுங்குபவை) செராமிக்கை மின்னேற்ற, அது அவ்வப்போது ஆர்க்காக வெடித்தது. பின்னால் வேவ்கைடில் ஒரு வளைவு கொடுத்து, கற்றையின் நேர்ப்பார்வையிலிருந்து ஜன்னலை மறைத்தார்கள். உங்கள் டிரிப் கப்ளர் திறனைப் பின்பற்றாமல் கேவிட்டியின் புலத்தைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். பின்பற்றினால் கப்ளரை விட்டுவிட்டு கேவிட்டியின் தூய்மையைக் கவனியுங்கள். கழற்றி மாட்டிய இடம் ஐ.எஸ்.ஓ. 4 தரத் தூய அறையா (காற்றில் தூசித் துகள் மிகக் குறைந்த அறை), யார் எந்த வேகத்தில் காற்றை வெளியேற்றினார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது, குளிர்ந்த பகுதியில் வாயு உறைந்து படிவது. முன்பு அடங்கிப்போன மல்டிபாக்டிங் மேடு வாரங்கள் கழித்து மறுபடி வந்தால் இதுதான். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, வாயுவை இறைத்து, மீண்டும் குளிர்வித்தால் போய்விடும்.

## அறிகுறி 6: குளிர் பக்கத்தில் வெப்பச் சுமை அதிகம்

திறன் இல்லாதபோதே அதிகமா? வெப்பத்தை இடைமறிக்கும் தாமிரப் பட்டைகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு தளர்ந்த போல்ட்தான்.

திறன் கொடுத்தால் மட்டும் அதிகமா? தாமிர முலாம். 1.3 கிகாஹெர்ட்ஸில் அலை தாமிரத்துக்குள் 1.8 மைக்ரோமீட்டர்தான் இறங்கும். 10 மைக்ரோமீட்டர் முலாம் தாராளம். அதற்கு மேல் பூசுவது வெப்பத்தை உள்ளே அழைத்துவருவது மட்டுமே. முலாம் உரிந்து துருப்பிடிக்காத எஃகு தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் இழப்பு சுமார் 6 மடங்கு. பெல்லோஸ் மடிப்புகளின் உச்சியில் முலாம் தடித்து, பள்ளத்தில் மெலிந்து போவது வழக்கம். அதனால் கூடவே முலாம் பூசிய மாதிரி பெல்லோஸ் ஒன்றை அறுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். இன்னொன்றை வெற்றிட உலையில் சூடாக்குங்கள், கொப்புளம் வந்தால் அந்தத் தொகுதியையே திருப்பி அனுப்புங்கள். உரிந்த செதில் ஒன்று கேவிட்டிக்குள் விழுந்தால் இழப்பு கப்ளரோடு நிற்காது.

## அறிகுறி 7: ஜன்னலில் விரிசல், அல்லது விரிசல் சந்தேகம்

அழுத்தம் ஒரே வீச்சில் ஏறி, வால்வு மூடி, திறன் வெட்டுப்பட்டிருக்கும். மறுபடி ஒருமுறை ஏற்றிப் பார்ப்போம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். வால்வுகளை மூடியபடியே வையுங்கள். மீக்கடத்திக் கேவிட்டி என்றால் ஒரு செராமிக் துகள் போதும், பல கேவிட்டிகளின் தரத்தைக் கெடுக்கும். இரண்டு ஜன்னல் வைத்து வடிவமைப்பதற்கு இதுவே காரணம். ஐரோப்பிய எக்ஸ்ரே லேசரான எக்ஸ்.எஃப்.இ.எல்-இன் 1.3 கிகாஹெர்ட்ஸ் கப்ளர்களில் ஒன்று குளிர்ப் பக்கமும் ஒன்று வெளிப் பக்கமும் இருக்கின்றன. வெளி ஜன்னல் போனாலும் கேவிட்டி பிழைக்கும்.

கழற்றுவதற்கு முன் செராமிக் என்ன பொருள் என்று ஆவணத்தில் பாருங்கள். பழைய ஜன்னல்களிலும் கிளைஸ்ட்ரான்களிலும் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஆவணம் கிடைக்காவிட்டால் அது பெரிலியம் என்றே வைத்துக்கொண்டு, தொழில்முறைப் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிடுங்கள். உடைந்த துண்டுகளைக் குழு பையில் போட்டு முத்திரையிட்ட பிறகு, விரிசல் விளிம்பிலிருந்து ஓடுகிறதா நடுவிலிருந்து ஓடுகிறதா என்று படம் எடுத்து, உங்கள் டிரிப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஜன்னலை வரைபவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது அந்த இரண்டும்தான்.